ஒரு மாநிலத்து ஜனங்க எவ்வளவு ஆரோக்கியமா இருக்காங்கன்னு நாமளே கணக்கு பாக்குறது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுகாதாரத்துல இந்த மாநிலம் முதலிடம் அந்த மாநிலம் கடைசின்னு அப்பப்போ ஒரு பட்டியல் வந்துடுது, வந்த உடனே ரெண்டு தரப்பும் அதை வச்சு சண்டை போட ஆரம்பிச்சுடுறாங்க. அந்த பட்டியலுக்குள்ள என்னத்தை அளந்தாங்க, யார் போய் எண்ணுனாங்க, எண்ணாம விட்டது எவ்வளவுன்னு பாக்குறவங்க ரொம்ப கம்மி. இது அவங்களுக்கு. பப்ளிக் ஹெல்த் படிக்கிற ஸ்டூடண்டோ, ரிப்போர்ட்டரோ, இல்ல சும்மா ஆர்வத்துல எக்செல் திறந்து உக்காருறவரோ, யாரா இருந்தாலும் பொதுவுல கிடைக்கிற டேட்டாவை வச்சே ஒரு மாநிலத்தை ஓரளவு நேர்மையா எடைபோட முடியும். உதாரணம் பெரும்பாலும் இந்தியா, அமெரிக்கா ரெண்டுலருந்தும் எடுத்திருக்கேன், ஏன்னா ரெண்டு நாட்டுலயும் மாநில வாரியா பல வருஷ டேட்டா இருக்கு, அதுல நடந்த குளறுபடியும் வெளியில தெரிஞ்சதா இருக்கு.

ஒரே ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். ஒரு நம்பர் ஏறுனாலும் சரி இறங்குனாலும் சரி, மாறுனது ஜனங்களோட உடம்பா இல்ல எண்ணுற விதமான்னு கேக்காம அடுத்த வரிக்கு போகாதீங்க. கீழ வர்ற எல்லா ஸ்டெப்லயும் இந்த கேள்வி தான் திரும்ப திரும்ப வரும்.

ஸ்டெப் 1: கேள்வியை பிரிச்சுக்கோங்க

மாநிலம் ஆரோக்கியமா இருக்கான்னு கேக்குறதுக்குள்ள குறைஞ்சது மூணு கேள்வி இருக்கு. ஜனங்க எவ்வளவு காலம் வாழுறாங்க, அதுல எவ்வளவு காலம் நோயோட வாழுறாங்கங்கிறது ஒண்ணு. மருத்துவ சேவை எப்படி நடக்குதுங்கிறது ரெண்டாவது. போன தடவையை விட இப்போ பரவாயில்லையாங்கிறது மூணாவது. மூணுக்கும் வேற வேற பதில் வரலாம்.

நிதி ஆயோக் போட்ட ஹெல்த் இண்டெக்ஸை எடுத்துக்கோங்க, அதுல பச்சிளம் குழந்தை மரணமும் இருக்கும், தடுப்பூசியும் இருக்கும், முக்கியமான அதிகாரிங்க ஒரே பதவில சராசரியா எவ்வளவு காலம் நீடிச்சாங்கங்கிறதும் இருக்கும். நிர்வாகத்தை கேள்வி கேக்குறதுக்கு அது சரியான அளவு தான், ஆனா அதிகாரி எத்தனை மாசம் சீட்டுல இருந்தாருங்கிறது ஜனங்களோட உடம்பைப் பத்தி நேரடியா எதுவும் சொல்லாது. எல்லாத்தையும் கலந்து வந்த ரேங்க்கை பாத்துட்டு அந்த மாநிலத்துக்காரங்க எல்லாம் நோயாளிங்கன்னு எழுதுறவங்க இந்த இடத்துல தான் வழுக்குறாங்க.

உலக சுகாதார நிறுவனம் 1948லருந்தே ஒரு வரையறை வச்சிருக்கு, நோய் இல்லாம இருக்கறது மட்டும் ஆரோக்கியம் இல்ல, உடம்பு மனசு சமூக வாழ்க்கை மூணும் நல்லா இருக்கணும்னு. பேச்சு சரி தான், ஆனா அப்படியே எக்செல் நெடுவரிசைல போட முடியாதே. அதனால நடைமுறைல மரணம், மரணத்துக்கான காரணம், உயிரோட இருக்கவங்களோட நோய், நோய்க்கு வழி விடுற சூழ்நிலை, கிடைக்கிற வைத்தியம்னு அஞ்சு அடுக்கா பிரிச்சுப் பாக்குறோம், ஒவ்வொரு அடுக்கையும் யாருக்கு எவ்வளவுன்னு வெட்டியும் பாக்கணும்.

ஸ்டெப் 2: கீழ இருக்கற நம்பரை முதல்ல சரி பண்ணுங்க

எல்லா விகிதத்துக்கும் மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர். எல்லாரும் மேல இருக்கறதைத் தான் பாப்பாங்க, எத்தனை பேர் செத்தாங்க, எத்தனை பேருக்கு நோய்னு. கீழ இருக்கற ஜனத்தொகை தப்பா இருந்தா மொத்தமும் தப்பு. இந்தியாவுல 2011க்கு அப்புறம் சென்சஸ் தள்ளிப்போய்ட்டே இருந்ததால, நடுவுல வந்த முக்கால்வாசி விகிதங்களுக்கு அடில இருக்கறது கணிப்பு தான். வேலைக்காக ஜனங்க நிறைய வந்து போற மாநிலத்துல அந்த கணிப்பு நல்லாவே விலகிப் போயிருக்கலாம்.

இன்னொண்ணு, யாரோட மரணம் எந்த ஊர் கணக்குல ஏறுது? இந்தியாவுல பிறப்பு இறப்பு பதிவு சட்டம் 1969ல வந்தது, சம்பவம் எங்க நடந்துச்சோ அங்க தான் பதிவு. சண்டிகர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரி இருக்கற ஊருக்கு பஞ்சாப், ஹரியானா, ஹிமாச்சல்லருந்தெல்லாம் சீரியஸ் கேஸ் வரும், அங்க இறந்தா அந்த ஊர் கணக்கு. அதை உள்ளூர் ஜனத்தொகையால வகுத்தா ஊரே மோசம்ங்கிற மாதிரி வரும், நோயாளியை அனுப்பின மாவட்டம் சொக்கத்தங்கமா தெரியும். பதிவு டேட்டா எடுக்கும்போது சம்பவ இடமா, நிரந்தர முகவரியான்னு அடிக்குறிப்புல கட்டாயம் பாருங்க.

அடுத்தது வயசு. இதை மட்டும் நிதானமா படிங்க, பாதி பேர் இங்க தான் கோட்டை விடுறாங்க.

2020க்கான எஸ்ஆர்எஸ் (தேர்ந்தெடுத்த சில பகுதிகள்ல மட்டும் பிறப்பு இறப்பை எண்ணுற அரசாங்க முறை, ஸ்டெப் 3ல விவரம் இருக்கு) கணக்குப்படி கேரளாவோட மொத்த மரண விகிதம் ஆயிரத்துக்கு 7.0, பீகாருக்கு 5.4. அப்போ பீகார் ஜனங்க கேரளாவை விட ஆரோக்கியமா? அதே வருஷம் சிசு மரணம், அதாவது ஒரு வயசுக்குள்ள இறக்குற குழந்தைங்க, கேரளாவுல ஆயிரம் பிறப்புக்கு 6, பீகார்ல 27. விஷயம் என்னன்னா கேரளாவுல வயசானவங்க அதிகம், பீகார்ல சின்ன வயசுக்காரங்க அதிகம், வயசானவங்க அதிகமா இருக்கற இடத்துல மரணமும் அதிகமா தான் இருக்கும்.

கணக்கா பாக்கலாம். கற்பனைக்கு ரெண்டு மாநிலம் வச்சுக்கோங்க. 'அ'வுல 60 வயசுக்கு கீழ ஆயிரத்துக்கு 3 பேர் இறக்குறாங்க, 60க்கு மேல 40 பேர். 'ஆ'வுல கீழ 4, மேல 50. அதாவது எந்த வயசை எடுத்தாலும் 'ஆ' தான் மோசம். ஆனா 'அ'வுல 100க்கு 20 பேர் வயசானவங்க, 'ஆ'வுல 6 பேர் தான். மொத்த விகிதம் போட்டா 'அ'வுக்கு 0.8 × 3 + 0.2 × 40 = 10.4, 'ஆ'வுக்கு 0.94 × 4 + 0.06 × 50 = 6.76. தலைகீழா வந்துடுச்சு பாருங்க. இப்போ ரெண்டுக்கும் பொதுவா ஒரே ஜனத்தொகை வச்சுக்கலாம், 100க்கு 10 பேர் வயசானவங்கன்னு. 'அ'வுக்கு 2.7 + 4 = 6.7, 'ஆ'வுக்கு 3.6 + 5 = 8.6. இப்போ தான் உண்மை நிலைமை தெரியுது. வயசு சமன்படுத்துறதுன்னு சொல்றது இவ்வளவு தான், நிஜத்துல ரெண்டு வயசுக் கூறுக்கு பதிலா அஞ்சஞ்சு வருஷமா பதினெட்டு இருபது கூறு இருக்கும், பொது ஜனத்தொகையா உலக சுகாதார நிறுவனம் குடுத்திருக்கற வயசு அமைப்பை எடுத்துக்கலாம். ஹார்ட் அட்டாக், கேன்சர், சுகர்னு வயசோட ஏறுற எந்த நோயை ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல ஒப்பிட்டாலும் இதை செய்யாம ஒப்பிடாதீங்க.

ஸ்டெப் 3: மரணத்துலருந்து ஆரம்பிங்க

நோயை மறைக்கலாம், மறக்கலாம், மரணத்தை அவ்வளவு சுலபமா மறைக்க முடியாது, அதனால தான் இது அடித்தளம். 1662லயே லண்டன்ல ஜான் கிராண்ட்னு ஒருத்தர் வாராவாரம் வந்த இறப்புப் பட்டியலை வச்சு எந்த வயசுல எத்தனை பேர் போறாங்கன்னு கணக்குப் போட்டு புத்தகமாவே வெளியிட்டாரு, இன்னைக்கும் நாம செய்றதோட அடிப்படை அது தான்.

முதல் நம்பர் சராசரி ஆயுள். பிறக்கும்போது சராசரி ஆயுள் 72ன்னா எல்லாரும் 72ல போயிடுவாங்கன்னு அர்த்தம் இல்ல. இந்த வருஷம் ஒவ்வொரு வயசுலயும் என்ன மரண விகிதம் இருக்கோ அது அப்படியே நீடிச்சா இன்னைக்கு பிறக்குற குழந்தைங்க சராசரியா எவ்வளவு காலம் வாழும்ங்கிற கணக்கு, அவ்வளவு தான். வயசு அமைப்பு இதுல தலையிடாது, அதனால மாநிலத்துக்கு மாநிலம் தைரியமா ஒப்பிடலாம். அமெரிக்காவுல 2020ல ஹவாய்ல 80.7 வருஷம், மிசிசிப்பில 71.9. ஒரே நாடு, கிட்டத்தட்ட ஒம்போது வருஷ வித்தியாசம். பிறப்புல மட்டும் பாக்காம 60 வயசுல மிச்சம் எவ்வளவுங்கிறதையும் எடுங்க, ஏன்னா குழந்தை மரணம் குறைஞ்சாலே பிறப்பு ஆயுள் நல்லா ஏறிடும், பெரியவங்க நிலைமை மாறாமலே இருக்கலாம். 15 வயசுக்காரர் 60 தொடுறதுக்குள்ள இறக்குற வாய்ப்பு எவ்வளவுன்னும் ஒரு அளவு இருக்கு, குடி, விபத்து, தற்கொலை, மாரடைப்பு எல்லாம் வெளிய வர்றது அதுல தான். என்னைக் கேட்டா இதுக்கு கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கறதே இல்ல.

குழந்தை மரணத்தை மூணா பிரிங்க: முதல் 28 நாள், முதல் வருஷம், முதல் அஞ்சு வருஷம். 2020ல இந்தியா முழுக்க ஆயிரம் பிறப்புக்கு சிசு மரணம் 28, அதுல 20 முதல் 28 நாளுக்குள்ளயே நடந்தது. 1971ல சிசு மரணம் 129 இருந்துச்சு. பிரிச்சுப் பாக்குறது எதுக்குன்னா வைத்தியம் வேற வேற. முதல் மாச மரணம் பெரும்பாலும் குறைப்பிரசவம், பிரசவ நேரத்து மூச்சுத்திணறல், தொற்று சம்பந்தப்பட்டது, அதுக்கு பிரசவ அறையும் பச்சிளம் குழந்தை வார்டும் சரியா இருக்கணும். அதுக்கு அப்புறம் வர்றது வயித்துப்போக்கு, நிமோனியா, அதுக்கு தண்ணி, தடுப்பூசி, சத்துணவு. மொத்தமா ஒரே நம்பரா வச்சுக்கிட்டா எங்க கை வைக்கணும்னே தெரியாது.

இந்த டேட்டா எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க. இந்தியாவுல எஸ்ஆர்எஸ்னு ஒரு மாதிரிப் பதிவு முறை 1969-70லருந்து முழுசா ஓடுது, இப்போ 80 லட்சத்துக்கும் மேல ஜனங்க இருக்கற மாதிரிப் பகுதிகளை அது பின்தொடருது. ஒரு ஆள் அந்த பகுதியிலயே இருந்து பிறப்பு இறப்பை தொடர்ந்து எழுதிட்டு வருவாரு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இன்னொருத்தர் தனியா வீடு வீடா போய் கேப்பாரு, ரெண்டையும் பொருத்திப் பாத்து பொருந்தாததை மறுபடி போய் விசாரிப்பாங்க. ரெண்டு பேர் தனித்தனியா எண்ணுறதால தான் பதிவு முழுசா இல்லாத காலத்துலயும் இந்த நம்பரை ஓரளவு நம்ப முடிஞ்சது.

பேறுகால மரணத்துக்கு வரலாம். கர்ப்பத்துலயோ, பிரசவத்துலயோ, கர்ப்பம் முடிஞ்சு 42 நாளுக்குள்ளயோ கர்ப்பம் சம்பந்தமான காரணத்துல இறந்தா இந்தக் கணக்கு, ஒரு லட்சம் பிறப்புக்கு இத்தனைன்னு போடுவாங்க. 2018-20ல கேரளா 19, அசாம் 195, இந்தியா 97. மூணு வருஷத்தை சேத்து ஏன் போடுறாங்க? இது அரிதான சம்பவம், மாதிரிக்குள்ள விழுறது கொஞ்சம் பேர், அதனால நம்பர் ஆடும். ஒரு வருஷத்துல 9 மரணம் பதிவாச்சுன்னா, தற்செயலால மட்டுமே அதுக்குப் பின்னாடி இருக்கற உண்மை அளவு 4லருந்து 17 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். அடுத்த வருஷம் 6 ஆனா 33 சதவீதம் குறைஞ்சுடுச்சுன்னு பிரஸ் மீட் வைப்பாங்க, கணக்குப்படி எதுவுமே நிரூபணம் ஆகல. எஸ்ஆர்எஸ் அறிக்கையிலயே பேறுகால மரணத்துக்கு பக்கத்துல 95 சதவீத எல்லை, அதாவது உண்மை அளவு பெரும்பாலும் இதுக்குள்ள தான் இருக்கும்னு ஒரு கீழ் நம்பரும் மேல் நம்பரும், குடுத்திருப்பாங்க, ரெண்டு மாநிலத்தோட எல்லைகளும் ஒண்ணு மேல ஒண்ணு நல்லா ஏறி நின்னா யார் முன்னாடி யார் பின்னாடின்னு பேசாதீங்க.

ஸ்டெப் 4: எதனால இறந்தாங்க

இது தான் ரொம்ப ஓட்டை இருக்கற அடுக்கு. இந்தியாவுல 2020ல பதிவான மரணங்கள்ல டாக்டர் காரணம் எழுதி சான்று குடுத்தது 22.5 சதவீதம் தான். அந்த 22லயும் ஒரு பங்கு இதயம் நின்னுச்சு, வயோதிகம், மூச்சு நின்னு போச்சுன்னு எழுதினதா இருக்கும். இதயம் நிக்காம யாரும் சாகறதில்ல, அது காரணமே கிடையாது. இந்த மாதிரி உபயோகமில்லாத குறிகளை இந்த துறைல குப்பைக் குறியீடுன்னு தான் சொல்லுவாங்க. ஒரு மாநிலத்தோட காரணப் பட்டியலைத் தொடுறதுக்கு முன்னாடி எத்தனை சதவீதம் சான்று, அதுல எத்தனை சதவீதம் குப்பைன்னு ரெண்டு நம்பரை மேல எழுதி வச்சுக்கோங்க. சான்று பெரும்பாலும் ஆஸ்பத்திரில நடக்கற மரணத்துக்குத் தான் கிடைக்கும், அதனால நகரத்து நோயெல்லாம் பெருசா தெரியும், வீட்ல இறந்த கிராமத்து முதியவர், பாம்பு கடிச்சவர், விஷம் குடிச்சவர் எல்லாம் சின்னதா தெரிவாங்க.

சான்று இல்லாத இடத்துக்கு வாய்மொழிப் பிரேதப் பரிசோதனைன்னு ஒரு வழி இருக்கு. வீட்ல இருக்கவங்ககிட்ட போய் கடைசி நாட்கள்ல என்ன அறிகுறி இருந்துச்சு, எத்தனை நாள் காய்ச்சல், நெஞ்சு வலி எப்படின்னு விவரமா கேட்டு எழுதி, ரெண்டு டாக்டருங்க தனித்தனியா படிச்சு காரணம் முடிவு பண்ணுவாங்க. இந்தியாவுல பத்து லட்சம் மரண ஆய்வுன்னு சொல்ற பெரிய வேலை எஸ்ஆர்எஸ் மேல ஏறி இப்படித்தான் நடந்துச்சு. குழந்தைங்க, நடுவயசுக்காரங்களுக்கு இது நல்லா வேலை செய்யும், 70 தாண்டினவங்களுக்கு கொஞ்சம் மங்கலா தான் இருக்கும்.

எல்லாமே கம்ப்யூட்டர்ல பதிவாகுற பணக்கார இடத்துல இந்த பிரச்சனை இல்லன்னு நினைச்சுடாதீங்க. டெக்சாஸ் கதை தெரியுமா? 2012ல அந்த மாநிலத்துல 147 பேறுகால மரணம்னு பதிவுல இருந்துச்சு, அதுக்கு முந்தின வருஷங்களை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சேன்னு உலகம் முழுக்க செய்தி. அப்புறம் அந்த மரணங்களை பிறப்புப் பதிவோட, ஆஸ்பத்திரி ரெக்கார்டோட ஒவ்வொண்ணா பொருத்திப் பாத்தா நிஜமா உறுதியானது 56 தான். லட்சத்துக்கு 38.4ன்னு இருந்தது 14.6 ஆச்சு. இறப்புச் சான்றுல கர்ப்பமா இருந்தாங்களான்னு ஒரு டிக் பாக்ஸ் இருந்துச்சு, கர்ப்பமே இல்லாத பெண்களுக்கும் தவறா அதுல டிக் விழுந்திருக்கு. ஒரு பெட்டி, அதை நம்பி எத்தனை தலையங்கம் பாருங்க.

ஸ்டெப் 5: உயிரோட இருக்கவங்க நோய்

இங்க மூணு விதமான டேட்டா வரும், மூணையும் ஒரே நெடுவரிசைல போடவே கூடாது: ஜனங்க தாங்களா சொன்னது, ஆஸ்பத்திரில பதிவானது, கருவி வச்சு அளந்தது.

தாங்களா சொன்னதுல ஆரம்பிக்கலாம். 2017-18ல நடந்த தேசிய மாதிரி ஆய்வுல கடைசி 15 நாள்ல உடம்பு சரியில்லாம இருந்தீங்களான்னு கேட்டாங்க, இந்தியா முழுக்க 100க்கு 7.5 பேர் ஆமான்னாங்க, கேரளாவுல அது மூணு மடங்குக்கும் மேல. பெரிய மாநிலங்கள்லயே சிசு மரணம் ரொம்ப கம்மியான மாநிலத்துல நோய் இவ்வளவு அதிகமா? ஒரு பங்கு வயசு, ஒரு பங்கு உண்மையாவே சுகர் பிபி, ஆனா இன்னொரு பெரிய பங்கு என்னன்னா, படிப்பும் பக்கத்துல டாக்டரும் இருக்கவங்களுக்கு தான் தனக்கு நோய் இருக்குன்னே தெரியுது. அமர்த்தியா சென் இதை 2002லயே எழுதியிருக்காரு, கேரளா, பீகார், அமெரிக்கா மூணையும் வச்சு: கருத்துக்கணிப்பு மாதிரி கேட்டா மரணம் அதிகமா இருக்கற இடத்துக்காரங்க தான் நல்லா இருக்கோம்னு சொல்லுவாங்க. அதனால நோய் குறைவா சொல்ற மாநிலத்தைப் பாத்தா சந்தோஷப்படாம பக்கத்துல மரண நம்பரை வச்சுப் பாருங்க.

பதிவானதுலயும் இதே வில்லங்கம். தென் கொரியாவுல தைராய்டு கேன்சர் கண்டுபிடிப்பு 1993க்கும் 2011க்கும் நடுவுல 15 மடங்கு ஏறுச்சு, அந்த கேன்சரால இறந்தவங்களோட விகிதம் அசையவே இல்ல. ஸ்கேன் பரவுச்சு, அவ்வளவு தான். டிபிக்கு நேர் எதிர்ப்பக்கம்: பதிவு ஏறுனா அது பெரும்பாலும் நல்ல செய்தி, ஒளிஞ்சிருந்த கேஸ் வெளிய வருது. 2019-21ல இந்தியாவுல நடந்த டிபி ஆய்வுல, அறிகுறி இருந்தவங்கள்ல 64 சதவீதம் பேர் வைத்தியமே தேடிப் போகலன்னு தெரிஞ்சது. பதிவான கேஸை மட்டும் எண்ணுனா இவங்க யாருமே கணக்குல இல்ல. கண்டுபிடிப்பையும் அந்த நோயால வர்ற மரணத்தையும் எப்பவும் ஒரே வரைபடத்துல போடுங்க, ரெண்டும் சேந்து ஏறுதா, ஒண்ணு மட்டும் ஏறுதான்னு பாத்தாலே பாதி தெளிவு வந்துடும்.

அளந்த டேட்டா தான் உசத்தி, ஆனா அளக்குற கருவியையும் பாருங்க. என்எஃப்எச்எஸ்-5ல (வீடு வீடா போய் நடத்துற தேசிய குடும்ப நல ஆய்வோட அஞ்சாவது சுற்று, 2019-21) அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்கள்ல 67.1 சதவீதத்துக்கு ரத்தசோகை, அதுக்கு முந்தின சுற்றுல 58.6. அதே காலகட்டத்தை ஒட்டி 2016-18ல நடந்த இன்னொரு தேசிய சத்துணவு ஆய்வுல 1லருந்து 4 வயசு வரைக்கும் 41 சதவீதம் தான். வித்தியாசத்துக்கு ஒரு முக்கியமான காரணம், முதல்ல சொன்னதுல விரல் நுனில குத்தி ஒரு சொட்டு எடுக்குறாங்க, ரெண்டாவதுல நரம்புலருந்து எடுத்து லேப்ல பாக்குறாங்க. உலக சுகாதார நிறுவனமும் 2024ல குடுத்த வழிகாட்டுதல்ல நரம்பு ரத்தத்தைத் தான் சிபாரிசு பண்ணுது. அப்போ மாநிலத்துல ரத்தசோகை எவ்வளவுன்னு எழுதும்போது எந்த ஆய்வு, எந்த ரத்தம்னு எழுதாம விட்டா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. அமெரிக்காவுல பிஆர்எஃப்எஸ்எஸ்னு போன்ல கேக்குற ஆய்வு, வருஷத்துக்கு 4 லட்சம் பேருக்கு மேல பேசுறாங்க, மாநில வாரியா அது அருமையான டேட்டா, ஆனா உயரமும் எடையும் அவங்கவங்க சொல்றது தான். போன்ல யாராவது எடையைக் கூட்டிச் சொல்லுவாங்களா? உடல் பருமன் அதுல எப்பவும் குறைவா தான் தெரியும்.

மனநலத்தைப் பத்தி ஒரு வார்த்தை. மாநில அளவுல நல்ல அளவு கிடைக்கறது கஷ்டம், தற்கொலை எண்ணிக்கை மட்டும் தான் வருஷா வருஷம் வரும், அதுவும் போலீஸ் பதிவு. குறைவா இருந்தா குறைவா பதிவாகுதுங்கிற சந்தேகத்தோடயே படிங்க.

ஸ்டெப் 6: நோய்க்கு வழி விடுற விஷயங்க

இதுல நீட்டி முழக்க வேண்டாம். புகையிலை, குடி, பிபி, சுகர், உடல் எடை, குழந்தைங்களோட வயசுக்கேத்த உயரம், குடிதண்ணி, கழிப்பறை, சமையல் எரிபொருள், காத்து, பெண்களோட படிப்பு, கல்யாண வயசு. முக்கால்வாசி என்எஃப்எச்எஸ் மாநில அறிக்கையிலயே இருக்கு. காத்துக்கு மட்டும் ஜாக்கிரதை, எந்த எல்லையை வச்சு பேசுறோம்ங்கிறது முக்கியம்: பிஎம் 2.5னு சொல்ற காத்துல இருக்கற நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன வருஷ சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், இந்திய தரம் 40. இந்தப் பக்கம் பாஸ் ஆனது அந்தப் பக்கம் எட்டு மடங்கு ஃபெயில். அளக்குற மெஷினும் நகரத்துல தான் அதிகம், கிராமத்து காத்தை யாரும் அளக்கலன்னா அது சுத்தம்னு அர்த்தம் இல்ல.

ஸ்டெப் 7: வைத்தியம் கிடைக்குதா

படுக்கை எத்தனை, டாக்டர் எத்தனைன்னு எண்ணுறது சுலபம், அதனால எல்லா அறிக்கையிலயும் அது தான் முதல் பக்கம். எனக்கு அதுல பெரிய நம்பிக்கை கிடையாது. கட்டடம் இருக்கும், ஆள் இருக்கமாட்டாங்க, ஆள் இருந்தா மருந்து இருக்காது. அதுக்கு பதிலா ஒரு நோயை எடுத்து படிப்படியா இறங்குங்க. உதாரணத்துக்கு பிபி: பிபி இருக்கவங்கள்ல எத்தனை பேருக்கு இருக்கறது தெரியும், தெரிஞ்சவங்கள்ல எத்தனை பேர் மாத்திரை எடுக்குறாங்க, எடுக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு 140/90க்கு கீழ இருக்கு. எந்த படில ஆளுங்க கொட்டுறாங்களோ அங்க தான் அந்த மாநிலத்தோட ஓட்டை. தெரிஞ்சும் மாத்திரை எடுக்கலன்னா சப்ளை, காசு, தூரம். எடுத்தும் குறையலன்னா வைத்தியத்தோட தரம். இதே மாதிரி பிரசவத்தையும் பாருங்க, ஆஸ்பத்திரி பிரசவம் 2019-21லயே நாடு முழுக்க 88.6 சதவீதம் வந்துடுச்சு, அது வந்தும் முதல் மாச மரணம் குறையாத மாநிலம் இருந்தா உள்ள போனதுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு தான் கேக்கணும்.

காசும் ஆரோக்கிய அளவு தான். வீட்டு மொத்த செலவுல பத்துல ஒரு பங்குக்கு மேல, இல்ல நாலுல ஒரு பங்குக்கு மேல வைத்தியத்துக்கே போற குடும்பம் எத்தனை சதவீதம்ங்கிறது உலக அளவுல ரொம்ப காலமா பயன்பட்ட கணக்கு. ஆனா காசு இல்லாம ஆஸ்பத்திரி பக்கமே போகாதவங்க இதுல செலவே பண்ணாத குடும்பமா வருவாங்க, அதனால வைத்தியம் தேடாமலே இருந்தவங்க எத்தனை பேர்ங்கிறதையும் சேத்து வைங்க.

ஸ்டெப் 8: சராசரியை உடைங்க

மாநில சராசரியோட நிறுத்திட்டீங்கன்னா வேலை பாதி கூட முடியல. கிராமம் நகரம், ஆண் பெண், சாதி இல்ல இனம், வசதி, மாவட்டம்னு வெட்டுங்க. என்எஃப்எச்எஸ்ல வருமானம் கேக்கமாட்டாங்க, வீட்ல என்னென்ன பொருள் இருக்கு, சுவர் தரை எப்படின்னு வச்சு அஞ்சு கூறா பிரிப்பாங்க, அடிக் கூறுக்கும் மேல் கூறுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி போன சுற்றை விட சுருங்குச்சா விரிஞ்சுச்சான்னு பாருங்க. அமெரிக்காவுல 2021ல பேறுகால மரணம் கறுப்பினப் பெண்களுக்கு லட்சத்துக்கு 69.9, வெள்ளையினப் பெண்களுக்கு 26.6. ரெண்டையும் கலந்த ஒரு சராசரி யாரோட வாழ்க்கையையும் காட்டாது.

மாவட்டம் வரைக்கும் இறங்கும்போது மாதிரி சின்னதாயிடும்ங்கிறதை மறக்காதீங்க. என்எஃப்எச்எஸ்-5 707 மாவட்டத்துல நடந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் சில நூறு வீடுகள் தான். தடுப்பூசி, கழிப்பறை மாதிரி பரவலான விஷயத்துக்கு அது தாங்கும், அரிதான மரணத்துக்கு தாங்காது. அப்புறம் ஒண்ணு, கல்லாதவங்க அதிகமா இருக்கற மாவட்டத்துல மரணம் அதிகம்னா, இறந்தவங்க கல்லாதவங்க தான்னு அந்த டேட்டாலருந்து சொல்ல முடியாது. மாவட்டத்தைப் பத்தின உண்மை தனி ஆளைப் பத்தின உண்மை ஆகாது.

ஸ்டெப் 9: காலத்தோட ஒப்பிடும்போது

ரெண்டு வருஷ நம்பரை பக்கத்துல வைக்கும்போது நடுவுல முறை மாறிச்சான்னு பாருங்க. பிஆர்எஃப்எஸ்எஸ்ல 2011ல செல்போன்காரங்களையும் சேத்து, பதில் சொன்னவங்களை மொத்த ஜனத்தொகைக்கு ஏத்த மாதிரி சரிக்கட்டுற கணக்கையும் மாத்துனாங்க, அதனால 2010ஐயும் 2011ஐயும் நேரடியா ஒப்பிடவே கூடாது. என்எஃப்எச்எஸ்-4ல பிபி அளந்தது 49 வயசு வரைக்கும் பெண்கள், 54 வரைக்கும் ஆண்கள், 5ல 15க்கு மேல எல்லாரும். அந்த ரெண்டு மொத்த நம்பரையும் வச்சு பிபி கூடிடுச்சுன்னு எழுதுனா தப்பு. என்எஃப்எச்எஸ்-5 ரெண்டு கட்டமா நடந்ததும் ஞாபகம் இருக்கட்டும்: கேரளா மாதிரி மாநிலங்கள்ல கொரோனாவுக்கு முன்னாடி, தமிழ்நாடு மாதிரி மாநிலங்கள்ல 2020-21ல, நடுவுல லாக்டவுனுக்கு நிறுத்தி. ஒரே அறிக்கைல இருந்தாலும் ஒரே காலம் இல்ல.

கொரோனா வருஷங்களை தனியா வைங்க. அதுக்கு உபரி மரணம் தான் நல்ல அளவு, வழக்கமா எத்தனை பேர் இறப்பாங்கன்னு முந்தின வருஷங்களை வச்சு கணிச்சு, நிஜமா இறந்தவங்கள்லருந்து கழிக்குறது. உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 ரெண்டுக்கும் சேத்து உலகம் முழுக்க 1.49 கோடின்னு கணிச்சது, நாடுகள் அறிவிச்ச கொரோனா மரணம் 54 லட்சம் சொச்சம். இந்தியாவுக்குன்னு சொன்ன நம்பரை இந்திய அரசு ஏத்துக்கல. உங்க மாநிலத்துக்கு நீங்களே போட்டுப் பாக்கலாம், மாச வாரியா பதிவான மரணம் கிடைச்சா போதும், ஆனா மரணப் பதிவே வருஷா வருஷம் முன்னேறிட்டு வர்ற மாநிலத்துல பதிவு கூடுனதும் உபரியா தெரியும், அதை கழிச்சே ஆகணும்.

ஸ்டெப் 10: எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதுறது

ஒரே நம்பர் வேணும்னு நிறைய பேர் கேப்பாங்க. இருக்கு, டேலின்னு ஒண்ணு, சீக்கிரம் இறந்ததால போன வருஷங்களையும் நோயோட கழிஞ்ச வருஷங்களையும் கூட்டி வர்றது. 2017ல இந்திய மாநிலங்களுக்கு முதல் தடவையா இந்த கணக்கை வெளியிட்டாங்க, தொற்றுநோய், பேறுகாலம், சத்துக்குறைவு சேந்த பங்கு 1990ல 61 சதவீதமா இருந்து 2016ல 33 ஆச்சு, தொற்றா நோய் 30லருந்து 55. பெரிய படம் பாக்க இது ரொம்ப உதவும். ஆனா டேட்டா இல்லாத இடத்தை மாடல் வச்சு நிரப்பியிருப்பாங்க, அதனால ஒரு மாநிலத்துக்கு ஒரு வருஷத்துல ஒரு புள்ளி ஏறுச்சு இறங்குச்சுன்னு அதை வச்சு சண்டை போடாதீங்க. நீங்களே மார்க் போட்டு இண்டெக்ஸ் பண்ணுறதா இருந்தா மார்க்கோட எடையை ரெண்டு மூணு விதமா மாத்திப் போட்டுப் பாருங்க, ரேங்க் தாறுமாறா மாறுனா அந்த ரேங்க் உங்க மார்க்கோட விளைவு, மாநிலத்தோடது இல்ல.

நான் சொல்றது, பதினஞ்சு இருபது வரிக்கு மேல போகாத ஒரு டேபிள். ஒவ்வொரு வரிக்கும் அளவு, நம்பர், எல்லை, எந்த வருஷம், யார் எண்ணுனது, பத்து வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு, அடிக் கூறுக்கும் மேல் கூறுக்கும் இடைவெளி எவ்வளவு. ஒப்பிட ரெண்டு மாநிலம் போதும்: வருமானமும் வயசு அமைப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கற ஒண்ணு, நல்லா முன்னாடி இருக்கற ஒண்ணு. உலக இலக்கும் ஒரு நெடுவரிசைல வைங்க, 2030க்குள்ள அஞ்சு வயசுக்குட்பட்ட மரணம் ஆயிரத்துக்கு 25, முதல் மாச மரணம் 12ன்னு இருக்கே அது.

டேபிள் முடிஞ்சதும் எழுத ஆரம்பிக்காதீங்க, ஃபீல்டுல வேலை செய்ற ஒரு கிராம சுகாதார செவிலியர்கிட்டயோ, மாவட்டத்துல டேட்டா என்ட்ரி பண்றவர்கிட்டயோ காட்டி, இதுல எந்த நம்பர் உங்களுக்கு இடிக்குதுன்னு மட்டும் கேளுங்க. அவங்க விரல் வைக்கிற வரிக்கு மூல அறிக்கையோட அடிக்குறிப்பை மறுபடி போய் படிங்க. அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் அடுத்த டேட்டா எப்போ வரும்னு ஒரு நெடுவரிசை சேத்துக்கோங்க, எஸ்ஆர்எஸ் வருஷா வருஷம் வரும், ஆனா ரெண்டு மூணு வருஷம் பின்தங்கி, என்எஃப்எச்எஸ் பல வருஷத்துக்கு ஒரு தடவை தான், அதனால மொத்த டேபிளையும் ஒரே நாள்ல புதுப்பிக்க முடியாது, வரி வரியா தான் மாத்தணும், பழைய நம்பரை அழிக்காம பக்கத்துல தேதியோட விட்டு வைங்க.